பதினோராவது பலகை

பெட்டியின் மேல் நான்கு மொழியில் எழுதியிருக்கிறது
தொடக்கக்காரருக்கு என்று.
டென்மார்க்கிலிருந்து மச்சான் அனுப்பியது.
என்ன வேணும் எண்டு கேட்டபோது
விமானம் வேண்டாம், மற்றது எதுவும் சரி என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மல்லாவியில் கடல் இல்லை.
மேற்கே போனாலும் கிழக்கே போனாலும்
பஸ் ஏறித்தான் போகவேணும்.
மேசையில் கிடந்தது ஒரு மீனின் முள்,
அதுதான் கப்பல் என்றது வரைபடம்.

பதினாலு வயதில் நான் செய்ததெல்லாம் பறப்பவை.
ஏழு முடித்தேன்.
எட்டாவதின் இடது செட்டை காயுமுன்
தலைக்கு மேலே நிசமான ஒன்று வட்டமடித்தது.
பங்கரிலிருந்து ஏறிவந்து
பெட்டியை மூடி வைத்தேன், அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு
சைக்கிள் ரியூப்பைத் தவிர நான் எதையும் ஒட்டவில்லை.

இப்போது நாற்பத்தெட்டு.
ஆஸ்பத்திரியில் மருந்து கலவை செய்யும் கை,
அரை மில்லியும் சிந்தாத கை,
முதல் பலகையிலேயே
சூப்பர் குளூவில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
ஒன்றாகி நின்றது.
பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் பசை ஏற்றினேன்.
கேத்தில் வாயில் பலகையைக் காட்டினேன்.
வளைந்தது, வளைந்தது,
இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்ட இடத்தில்
டிக்.

பாகங்களுக்கு இலக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறது.
பெயரை அம்புலன்ஸ் ஓட்டும் மரியநேசன் சொன்னான்,
சிலாவத்தையில் பிறந்தவன், போனில்:
முள்ளந்தண்டு எண்டு சொல்லாதையுங்கோ, அது ஏரா.
விலா இல்லை, வங்கு.
முன்னுக்கு அணியம், பின்னுக்குக் கடையார்.
பலகை என்ன அகலம், அண்ணை?
அஞ்சு மில்லிமீற்றர்.
ஒரு நோயாளியை ஏற்றும்வரை சிரித்தான்.

கொடியில் உடுப்புக் கிளிப் குறைந்துகொண்டே வந்தது.
மகனின் பள்ளிச் சேட்டு இரண்டு தரம்
செம்மண்ணில் விழுந்து எழும்பியது.
சுகந்தினி ஒன்றும் சொல்லவில்லை.
மேசைப்பக்கம் வருவதுமில்லை,
கூட்டும்போது அந்த மூலையை விட்டுவிட்டுக் கூட்டினாள்.
மரத்தூள் அங்கேயே குவிந்தது.

ஏனென்று எனக்குத் தெரியும்.
மாத்தளன் மணலில் பதினாறு நாள்
காலில் கட்டுடன் கிடந்த தம்பிக்குப் பக்கத்தில் இருந்து
அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கப்பலை.
அது நின்றது தூரத்தில்,
வெள்ளையாய், இந்த அளவில்.

பதினோராவது பலகை வைத்த இரவு கரண்ட் போய்விட்டது.
ரோச் லைற்றோடு வந்தாள்.
வெளிச்சத்தை என் கையில் அடிக்கவில்லை,
கப்பலின் வயிற்றுக்குள் அடித்தாள்.
வங்குகளின் நிழல் சுவரில் பெரிதாகி
ஒரு கொட்டிலின் கூரைபோல நின்றது.

எத்தினை பேர் ஏறலாம்?

ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவு, என்றேன்.
ஓராள் மூன்று சென்ரிமீற்றர் சொச்சம்.
அவள் ஒரு கிளிப்பைத் தட்டில் நிறுத்திப் பார்த்தாள்.
கூட உயரம்.
தீக்குச்சியை முறித்து நிறுத்தினாள்.
விழுந்தது. பசை தந்தேன்.
நான் அடிமட்டம் வைத்துக் கணக்குப் பார்த்தேன்,
நீளம், அகலம், பாய்மரத்துக்கு விட்ட இடம் கழித்து:
நெருக்கி நிண்டால் அறுபது.

காணாது, என்றாள்.
ரோச்சை என்னிடம் தந்துவிட்டுப்
பாணுக்குச் சம்பல் இடிக்கப் போனாள்.

இடது பக்கம் மூன்று மில்லிமீற்றர் கூடப் புடைத்திருக்கிறது.
நேற்றுத்தான் கண்டேன்.
கழற்றினால் எல்லாம் முறியும்.
மரியநேசனிடம் கேட்டேன், மிதக்குமோ?
தண்ணியில விட்டால் தெரியும், என்றான்.
விடுவதற்குச் செய்தது இல்லை, அலுமாரிக்கு, என்றேன்.
அப்ப ஏன் கேக்கிறியள்?

பன்னிரண்டாவது பலகை தண்ணீரில் ஊறுகிறது.
கொடிக்குப் போனேன், கிளிப் எடுக்க.
ஒரு டசின் புதியது,
மட்டையோடு, மேசையில் முன்னமே இருந்தது.
மரத்தூள் இன்னும் மூலையில்.
தட்டில் அந்த அரைத் தீக்குச்சி,
மருந்துத் தலையோடு,
ஒட்டியபடி.