அடுத்த காம்பவுண்டுக்கு அடியில்

கணபதியில், சத்தி ரோட்டுக்கு மேற்கே,
முப்பத்தோரடி தோண்ட வேண்டும்.
மேலே கரிசல் நாலடி,
கீழே சுக்கான்,
அதற்கும் கீழே
கையில் எடுத்தால் மிக்சர் போல் உதிரும் பாறை.
இரண்டு பக்கம் சாலை, ஒரு பக்கம் காலிமனை,
நாலாம் பக்கம் சென்னியப்பனின் லேத் பட்டறை.

"உங்க எடத்துக்கு அடியில ஒம்பது மீட்டர்
கம்பி போகோணுமுங்க."
"கட்டடம் முடிஞ்சா உருவிக்குவீங்களா?"
"இல்லீங்க, அங்கயே இருக்கும்."
"அப்ப வாடகை?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
மேல் நாலு வரிசைக்கு மட்டும் கையெழுத்திட்டார்.
மீதி, மழை பார்த்துவிட்டு.

துளை போட வந்த அர்த்தநாரி
திருச்செங்கோட்டு ரிக்கில் இருபது வருஷம்.
நட்டக்குத்தலாய் ஆயிரம் அடி இறங்கி
தண்ணி பீறிட்டால் தேங்காய் உடைத்தவர்.
இங்கே பதினைந்து பாகை சாய்த்துப் பிடித்து
தண்ணி வந்துரக் கூடாதென்று
மருதமலைப் பக்கம் கும்பிடுகிறார்.

ஐந்தடி வெட்டு.
கம்பி செருகு, சிமெண்டுப் பால் ஊற்று,
வலை கட்டி கான்கிரீட்டைப் பீய்ச்சு.
அது இறுகாமல் அடுத்த ஐந்தடி கிடையாது.
ஒரேயொரு கம்பியை மட்டும்
ஜாக்கி வைத்து இழுத்தோம்.
பன்னிரண்டு டன்னில் முடியளவு நகர்ந்து நின்றது.
இனி அது எதையும் தாங்காது;
மற்றவை தாங்கும் என்று சொல்வதோடு
அதன் வேலை முடிந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை.
பட்டறைச் சுவரின் பழைய விரிசல்மேல்
தேதி எழுதி ஆறு கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தோம்.
டார்ச்சோடு ஓடினேன்.
லுங்கியை மடித்துக் கட்டி
எனக்கு முன்பே நிற்கிறார் சென்னியப்பன்,
ஆறாவதன் எதிரில்.
கீறியிருந்தது.
"எவ்வளவுங்க?"
"அரை மில்லி."
"லேத்துல அரை மில்லி போச்சுன்னா
அந்தப் பீஸ நான் தூக்கி எறிஞ்சுருவேன்."
பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளத்திலிருந்து அர்த்தநாரி கத்தினார்:
"தண்ணி வருது மேடம்!"
வடிகுழாய்கள் ஒவ்வொன்றாய் ஒழுகின,
முதலில் செம்மண் நிறத்தில், அப்புறம் தெளிவாக.
மண்ணுக்குள் நின்று முட்டுவதற்கு
வெளியே வந்துவிட்ட தண்ணீர் எவ்வளவோ மேல்.
மூவரும் நனைந்தபடி
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் அலுவலகக் கண்டெய்னருக்கு வந்தார்.
கம்பித் தலையில் மாட்டும் நட்டு ஒன்றை
மேஜையில் உருட்டிவிட்டார்.
"மரை லூசுங்க.
கீழ் ரெண்டு வரிசைக்கு நட்டு என் பட்டறையில.
என் செவுத்தப் பிடிக்கிறது என் மரையா இருக்கட்டும்."
கையெழுத்திட்டார்.
பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"ஜிஎஸ்டி தனி."