மூன்று விரற்கடை

சுரங்கம் தோண்டிக் கொட்டிய மேட்டில்
முதலில் முளைத்தது இலந்தை.
கோடி வருஷம் அடியில் கிடந்த மண் மேலே.
மேலே இருந்த மண் எங்கோ அடியில்.
முள்ளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்கிற லாரி என்னுடையது.
என்னுடையது என்றால், ஒப்பந்தக்காரருடையது.
இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் நடுவே
நெய்வேலியில் கொஞ்ச நேரம்
யார் கணக்கிலும் வராமல் கிடக்கும்.
அப்போதுதான் பார்த்தேன் அதை.

எள்ளைவிடப் பெரிது,
சிறகில் பழுப்பு மஞ்சள் பட்டை.
பிஞ்சுக் காயின் மேல் சுற்றிச் சுற்றி நடந்தாள்
வாடகைக்கு வீடு பார்க்கிறவள் போல.
வால் ஊசியை இறக்கினாள். ஒரே முட்டை.
பிறகு அடிவயிற்றைத் தேய்த்தபடி ஒரு வட்டம்.
பண்ருட்டி பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவோமே,
அதேதான்:
இங்கே ஆள் இருக்கு.

தையில் பழம் சிவந்தது.
கிளீனர் அழகேசன் ஒன்றைக் கடித்துத் துப்பினான்.
கொட்டையை ஒட்டிக் கறுத்த சதை,
அதில் வெள்ளையாய் ஒருத்தன்.
கண்ணில்லை, காலில்லை, வாய்க்குப் பின்னால் வெறும் பசி.
"குடியிருக்கிறவனைக் கேக்காம கதவ ஒடச்சிட்டேன்"
என்று சொல்லி
அடுத்த பழத்தை ஹெட்லைட்டில் காட்டிப் பார்த்துத் தின்றான்.

வயிறு நிறைந்தவன் பழத்தைத் துளைத்து விழுகிறான்.
உடம்பை வளைத்து, சுண்டி, துள்ளி,
மண்ணுக்குள் மூன்று விரற்கடை.
இங்கே இயந்திரம் முந்நூறு அடி போகிறது, அது வேறு.
கூடு கட்டத் தெரியாது அவனுக்கு;
தன் தோலையே இறுக்கிப் பெட்டியாக்கி
சீரகம் போல் கிடப்பான்.

மூன்று சீரகத்தை மண்ணோடு அள்ளி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
சீட்டுக்கு அடியில் வைத்தேன்.
ஏன் என்று அழகேசன் கேட்டான். தெரியவில்லை.

சித்திரையில் மேடு வெடித்தது, இலந்தை இலை உதிர்த்தது.
இருபத்தாறு நாள் ஓட்டினேன், இருபத்திரண்டுக்குத்தான் காசு.
ஆடியில் அழகேசன் திருப்பூர் போய்விட்டான்.
ஒரு முற்பகலில் புல்டோசர் வந்து
சரிவைச் சமமாக்கியது, புதரையும் சேர்த்து.
பாட்டிலை ஆட்டிப் பார்த்தேன்.
மண் மட்டும் சத்தம் போட்டது.

ஐப்பசி. விடிய விடிய மழை.
மழை நாளில் தண்ணீர் லாரிக்கு வேலையில்லை,
கூலியும் இல்லை. பார்க்க நேரம் இருந்தது.

மண் ஒரு கடுகளவு நகர்ந்தது.
நெற்றி வந்தது முதலில்.
நெற்றிக்குள்ளிருந்து ஒரு பை
ஊதியது, சுருங்கியது, மறுபடி ஊதியது;
பிறவியில் ஒரே ஒரு தடவைக்கென்று கொடுத்த உறுப்பு.
தலையெழுத்தைத் தலையாலேயே முட்டி
மேலே வந்தது ஈ.
சிறகு கசங்கிய பஸ் டிக்கெட்டாய் இருந்தது.

மற்ற இரண்டும் வரவில்லை.

மூடியைத் திறந்து டேஷ்போர்டில் வைத்தேன்.
காய்வதற்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில்
சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்தார்.
மழை விட்டதாம், மூன்றாவது சாலையில் புழுதியாம்.
ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன்.