சன்னலோரம்

சுலாஸ்த்ரிக்கு நான் தரவேண்டியது
ஆயிரத்து நூறு வெள்ளி.

பன்னிரண்டு பேர் கூட்டு, தலைக்கு நூறு.
கடைசி முறையைக் கேட்டு வாங்கியவள் அவள்தான்,
பெரிய காசாக ஊருக்குப் போகணும் என்று.
பதினோரு மாதம் தேதி தவறாமல் கட்டினாள்,
உர வாளி நாற்றத்தோடு சுருட்டிய நோட்டுகளை.
பன்னிரண்டாம் மாதம் மூன்றாம் தேதி
பெர்மிட் முடிந்ததென்று வேனில் ஏற்றிப் போனார்கள்.
சோற்றுப்பானை அடுப்பில் இருந்தது.
நான்தான் போய் நெருப்பை அணைத்தேன்.

பேங்கில் போட்டுவிடு என்கிறார் என் வீட்டுக்காரர்.
அவள் கொடுத்த கணக்கு அக்காள் மகனுடையது.
அவனிடம் போனால் இந்தக் காசு
ஒரே வாரத்தில் மோட்டார் சைக்கிள் ஆகிவிடும்.
அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டு.

ஆக, கரிமுனுக்கு நானே போகிறேன்.
ரெங்கம் டவுன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

லோரி ஓட்டும் பரஞ்சோதி சொல்கிறான்:
குக்குப்பில் ஏறு, சின்னப் படகு, மலிவு,
என்ன, கடல் வற்றினால் காத்திருக்கணும்.
இரும்புக்கடை ஆ செங் சொல்கிறார்:
புத்ரி ஹார்பர் போ, ஏசி இருக்கு,
டிவியில் படம் ஓடும், கக்கூஸ் சுத்தம்.
பத்தாம் வழியில் ஒருத்தி சொல்கிறாள்:
பத்தாம் போய் அங்கிருந்து வேறு படகு மாறு,
அப்படியே இரண்டு கைலி வாங்கி வா.
(பச்சைப் பூப்போட்டது. அளவெல்லாம் சொன்னாள்.)

தண்ணீர்க் குழாயடியில் கூட்டுக்காரிகள் கூடினோம்.
படகுக் காசு யார் தலையில்?
அவள் பங்கில் கழித்துக்கொள் என்றாள் நாகவல்லி.
யாரும் பேசவில்லை.
வாளி நிரம்பி வழிந்தது, அதையும் யாரும் மூடவில்லை.
பிறகு நாகவல்லியே பத்து வெள்ளியை எடுத்து
என் கையில் திணித்துவிட்டு
சனியனே என்று குழாயைத் திட்டினாள்.

ஐம்பத்திரண்டு வயசு எனக்கு.
கடலைப் பார்த்தது இரண்டே தரம்,
இரண்டு தரமும் முழங்கால் வரைதான்.
செம்பனைக்கு மேலே உயரமாக
எதுவும் அசைந்து நான் பார்த்ததில்லை.
ராத்திரி படுத்துக்கொண்டு
விலை, நேரம், பஸ், கப்பல் கவிழுமா,
எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணினேன்.
மூன்று படகும் சமமாய் நின்றன.

அவளையே கேட்டேன், போனில்.
கோழி கத்தும் சத்தம். பிறகு அவள் குரல்:
எதில் வேணும்னாலும் வா, காக்.
என்னை அனுப்பினார்களே, அந்த மாதிரியில் மட்டும் வராதே.
அதில் சன்னல் இல்லை.
எப்போது கரை விட்டது என்றே தெரியவில்லை எனக்கு.
ஆறு வருஷம் இருந்த நாடு,
திரும்பிப் பார்க்க ஒரு ஓட்டை இல்லை.

அதற்கப்புறம் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

குக்குப் கவுண்டரில் ஒரு சின்னப் பெண்,
நகத்தில் பாதி உரிந்த சிவப்பு.
போய்வரவா, போக மட்டுமா?
போய்வர.
சன்னல் இருக்கா?
நிமிர்ந்து பார்த்தாள். அப்படி யாரும் கேட்பதில்லை போல.
இருக்கு காக், ஆனால் உப்புப் படிந்து
ஒன்றும் சரியாகத் தெரியாது.
பரவாயில்லை, துடைக்கத் துணி வைத்திருக்கிறேன்.

காசு ரவிக்கைக்குள், மஞ்சள் பையில்.
பக்கத்தில் அவளுடைய சோற்றுப்பானை, தேய்த்துக் கழுவியது.
குமட்டலுக்கு மாத்திரை கொடுத்த மருந்துக்கடைக்காரி
நல்லாத் தூங்கிவிடுவீர்கள், இறங்கும்போதுதான் முழிப்பு வரும்
என்று நல்லதாய்த்தான் சொன்னாள்.

கரை எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் தெரிந்தது
என்று சுலாஸ்த்ரி கேட்பாள்.

பாதி மாத்திரையை மட்டும் விழுங்கினேன்.