திரும்பி வந்த அறுபத்தொன்று

ட்ரோம்சோவில் சூரியன் போய் இரண்டு மாதம்.
எதிர் மேசையில் சிக்ரூன்
வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுகிறாள்.

ஒரு மூலக்கூறு. நடுவில் இரண்டு நைட்ரஜன்
கைகோத்து விறைப்பாக நிற்கும்,
ஒளி பட்டால் இடுப்பில் மடங்கும்.
இமைப்பொழுதைக் கோடி துண்டாக நறுக்கி
ஒரு துண்டை எடுத்து
மறுபடி கோடியாக நறுக்கினால்
அந்த மடக்கம் தெரியும்.
அதைப் பார்க்கப் பதினொரு நாள்,
நிலவறையில் இரையும் ஆயிரம் கணினிகள்.
அவற்றின் சூடுதான் விடுதிக் குழாய்களுக்குப் போகிறது.
உன் பிழைகளில்தான் குளிக்கிறோம் என்று சீண்டுவேன்.

இருநூறு முறை ஓடவிட்டாள்.
நூற்று முப்பத்தொன்பது மடங்கின.
அறுபத்தொன்று மட்டும்
இரு ஆற்றல் தளங்கள் ஊசிமுனையில் தொடும் இடம்வரை வந்து
தயங்கி
பழைய நிற்புக்கே விழுந்தன.
வாங்கிய ஒளியெல்லாம் வெறும் சூடாக.
‘இழப்பு’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.
ஹால்வார்ட் அப்படித்தான் சொன்னார்.
அவள் எழுதவில்லை.

இன்று மலைத்தோளில் நான்கு நிமிடம்
சூரியன் வருமாம்.
ஜாம் வைத்த பன்னோடு ஊரே பாலத்தில்.
மேகம்.
ஒரு பிள்ளை ‘வந்துடுச்சு’ என்று கத்தியது,
யாரும் மறுக்கவில்லை.

திரும்பி வந்தோம். கையில் ஜாம்,
விசைப்பலகையிலும்.
நாற்பத்தேழாவது ஓட்டத்தைத் திறந்து
அது மனம் மாறிய இடத்தைப் பெரிதாக்கினாள்:
சின்னதாக ஒரு நடுக்கம்.

போன வாரம் அதை இரைச்சல் என்று
நான்தான் சொன்னேன்.