இருபத்தஞ்சுக்கு அப்புறம்

ஜெபக்கனி டீச்சர் கேட்டாராம்:
இருபத்தஞ்சுக்கு அப்புறம் என்ன?
என் மகள் சொன்னாளாம்:
நூலு.

பால்வாடியே சிரித்திருக்கிறது.
முக்கூடலில் பாதி வீட்டில்
இருபத்தஞ்சுக்கு அப்புறம் நூல்தான்.
சிரித்த பிள்ளைகளின் அம்மாக்களும்
அதே கடைக்குத்தான் பீடி சுற்றுகிறார்கள்.

அதற்காக டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை.
கத்தரி பிடிக்கத் தெரியுது,
வரிசையில நிக்கத் தெரியுது,
தட்டைக் கழுவிக் கவுத்துது,
என்று சொல்லிக்கொண்டே வந்தவர்
கடைசியில் குரலைத் தாழ்த்தி
"வீட்டுல பேசுமா?" என்றார்.

சுளவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.
பதினாறு, பதினேழு.
யம்மா, அந்தக் காக்கா ஏன்
இரு.
பதினெட்டு.
யம்மா, அப்பா அங்க எங்க குளிப்பாவ
எண்ணுதேன்லா.
பத்தொம்பது.

நாளைக்கு நாற்பது கட்டு.
கட்டுக்கு ஒரு 'இரு' என்று வைத்தாலும்
மூன்று வருஷம்.
அம்மன் சந்நிதியில் பேச்சிப்பிரியா என்று பேரிட்டு
பேசாதே என்று வளர்த்திருக்கிறேன்.

அவள் அப்பா கொல்லத்தில் புரோட்டா மாஸ்டர்.
ராத்திரி பத்தரைக்கு,
கல்லில் கொத்து விழும் சத்தத்துக்கு நடுவில்
"பாப்பா, பள்ளிக்கூடம் போனியா?"
போனைக் காதில் அழுத்தி
தலையை ஆட்டுவாள்.
"தூங்கிட்டாளா?" என்பார்.
இல்லை இல்லை என்று
தலை இன்னும் வேகமாக ஆடும்.

மறுநாள் இலை வெட்டும்போது
"அந்தக் காக்காவுக்கு என்னட்டி?" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள்.
கோபமில்லையே என்று
இன்னொரு தடவை பார்த்தாள்.
அப்புறம் வந்தது:
அதுக்கு ஒத்தக்கால்தான,
செருப்பு வாங்குனா ஒண்ணு மிஞ்சுமே,
அத ஆத்துல விட்டா அப்பாட்ட போவுமா?

ஆறு அந்தப் பக்கம் போகாது, மலை கிடக்கு.
யாரு போட்டா?
எனக்குத் தெரியல.
யாருக்குத் தெரியும்?

எண்ணிக்கை போயே போச்சு.
இருபத்திரண்டா, மூன்றா.
"நீ எண்ணு" என்று தட்டை நகர்த்தினேன்.
ஒவ்வொன்றாக விரல் வைத்து வந்தாள்,
இருபத்தஞ்சில் கை நூலுக்குப் போனது.
பிடித்துக்கொண்டேன்.
இன்னொன்றை எடுத்து வைத்தேன்.
இது பேரு இருபத்தாறு.

திருப்பிச் சொல்லவில்லை.
புது மிட்டாயைப் போல
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு முப்பத்திநாலு கட்டுதான்.
அதில் ஒன்றைப் பிரித்துப் பார்த்த கணக்கப்பிள்ளை
"ஒண்ணு கூடுதே ஆவுடத்தாயி,
கவனம் எங்க இருக்கு?" என்று
கூடியதை எடுத்துத் தன் காதில் செருகினார்.
இருக்கட்டும்.
ஆறு கட்டுக் கூலி போனது போனதுதான்,
பால்காரரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

ராத்திரி போன் வந்தது.
தலையை ஆட்டினாள், வழக்கம்போல.
"பாப்பா?" என்றார்.
ஆட்டினாள்.
"பாப்பா, இருக்கியா?"

இருபத்தாறு, என்றாள்.

அந்தப் பக்கம்
கொத்துச் சத்தம் நின்றது.
"என்ன பாப்பா? என்ன சொன்ன?"