மூழ்கியிருக்க வேண்டும்

ஆனந்தகிரி நான்காவது தெருவுக்கு
மூன்று நாளாகப் பால் வரவில்லை.
பெருமாள்மலைப் பக்கம் மரம் விழுந்து
பாதை அடைத்துக் கிடக்கிறதாம்.
கடைக்காரர் மேல்தட்டில் துழாவி
லுங்கியில் தூசி துடைத்துக் கொடுத்தார்
கெட்டிப்பால் டின், மூன்று.

முதல் டின்னில் ஆணி அடித்தேன்.
கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை.
"எதிர்ப்பக்கமும் ஒண்ணு போடுங்க டீச்சர்,
காத்து உள்ளே போனாத்தானே பால் வெளியே வரும்"
என்றாள் பக்கத்து வீட்டு சலேத்து.
ஏரிக்கரை ஓட்டலில் புட்டிங் போடுகிறவள்.
நான் டீச்சர் இல்லை, தபால் ஆபீஸ் என்று
ஜூன் மாதத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டாவதைத் திறக்கவே கூடாதாம்.
பேப்பரை உரித்துவிட்டு அப்படியே
தண்ணீருக்குள் வேகவைக்க வேண்டும்.
"டின்னுக்கு மேலே நாலு விரல் நிக்கணும்.
குறைஞ்சா வெடிக்கும்."

ரெண்டு மணி நேரம் போதும் என்றாள் போனில்
பரமக்குடியிலிருந்து அக்கா.
சலேத்து சிரித்தாள்.
"அது கீழே. இங்கே தண்ணி
சீக்கிரமே சத்தம் போடும், சூடு பத்தாது.
மூணரை வைங்க."
துவரம்பருப்பு எனக்கு இதை
முதல் வாரமே சொல்லியிருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

செத்துப்போன ஒருவரின் பாஸ்புக்கில்
செத்த பிறகும் கையெழுத்து இருந்தது,
நான்கு இடத்தில்.
எழுதிக் கொடுத்தேன்.
பதினோராம் நாள் மாற்றல் உத்தரவு:
நிர்வாக நலன் கருதி.
"காசு கட்டிப் போற ஊரும்மா,
உனக்குச் சும்மா கிடைக்குது" என்றார் அதிகாரி.
எழுந்து நின்று நன்றி வேறு சொன்னேன்.

டொக். டொக்.
கதவைத் திறந்தால் யாருமில்லை.
மஞ்சு மட்டும்
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது.
திரும்பவும் டொக்.
பாத்திரத்துக்குள் டின் தட்டிக்கொண்டிருந்தது.

சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றினேன்.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
அப்புறம் விரலால் அளக்க முடியாமல்
சத்தத்தை வைத்தே ஊற்றினேன்.
மூணரை, நான் நாலேகால் விட்டேன்.

"சூட்டோட திறந்துடாதீங்க, மூஞ்சியில பீச்சிடும்.
ஆறட்டும்" என்று
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.
ஆறட்டும், ஆறட்டும்.
யூனியன்காரரும் இதைத்தான் சொன்னார்.

காலையில் திறந்தேன்.
ரோட்டுக்காக வெட்டிய மலையின் நிறம்.
கரண்டியை நட்டால் நின்றது.
நின்றபடியே மூன்று கரண்டி தின்றேன்,
பல் தேய்க்காமல்.

பாதியைக் கிண்ணத்தில் கொடுத்தேன்.
சலேத்து நக்கிப் பார்த்தாள்.
"அடி பிடிச்ச வாசனை லேசா இருக்கு.
பரவால்ல, போஸ்டாபீசு."

மூன்றாவது டின்னைக் கவிழ்த்துத் தேதி தேடினேன்.
அடுத்த வருஷம் ஆகஸ்ட்.
விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போய்
இப்போது ஜனவரி என்கிறார்கள்.
அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
இன்னும் ஒரு தடவை தள்ளினாலும்
தாங்கும்.