எட்டு நாள்

பூட்டு என்னுடையது.
மாநிலம் கொடுத்த பித்தளைப் பூட்டு, எண் நாற்பத்தொன்று.
ஜூலை பதினான்கு, காலை ஆறேகாலுக்கு
ஆர்வில் பாங்போர்னின் மதகை இறக்கி
பூட்டினேன்.
வேலியருகே நின்றவர்
மிச்சக் காபியைத் தரையில் கவிழ்த்தார்.
மண் அதைக் குடித்து முடிக்கும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"இதையும் எழுதிக்கோ" என்றார்.

ஐடஹோவின் தெற்கே இந்த ஓடையில்
மேட்டுக்காரர், பள்ளத்துக்காரர் என்ற கணக்கே கிடையாது.
தலைமடையில் இருப்பவர் வாய் உலர்ந்து நிற்பார்,
கடைமடைக்காரரின் தேதி பழையதென்றால்.
பந்திக்கு முந்தியவர் கை கழுவிய பிறகுதான்
அடுத்தவருக்கு இலை.

பாங்போர்னின் தேதி 1891, மே பத்தொன்பது.
கீழே, மைதே அன்சோதெகியின் தேதி மே பதினொன்று.
அவள் வீட்டார் பின்னால் வந்தவர்கள்.
ஆட்டுப்பட்டி, கல்வீடு, கூடவே
யாரோ ஒருவரின் தேதியையும்
விலைக்கு வாங்கினார்கள்.

அந்த எட்டு நாள் ஒரு வண்டிச் சக்கரம்.
கணவாயில் அச்சு முறிந்து,
மரம் வெட்டிச் செதுக்கி மாட்டி,
அதுவும் முறிந்து
முதல் பாங்போர்ன் வந்து சேர்வதற்குள்
மே பத்தொன்பது ஆகிவிட்டது.
பழைய தீர்ப்பில் இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
அழகான கையெழுத்தில்.
சக்கரத்துக்காக நீதிபதி வருத்தம் தெரிவித்திருக்கிறார்.
தேதியை மாற்றவில்லை.

மைதே ஆடுகளை விற்று நான்கு வருடம்.
கேட்டது தொண்ணூறு அங்குலம், முழுசாக.
(இங்கே தண்ணீரை இன்னும் அங்குலத்தில்தான் அளக்கிறோம்,
துணி மாதிரி.)
முழங்கால் வலியோடு ரப்பர் பூட்ஸ் மாட்டி
மண்வெட்டியால் வரப்பைத் திறந்துவிடுகிறாள்,
ஊதாப்பூ முட்செடிக்கு.
"அஞ்சு வருஷம் எடுக்கலேன்னா உரிமை போயிடும்.
இது அஞ்சாவது" என்றாள்.
முட்செடி என் இடுப்புயரம் நின்றது.
அவ்வளவு செழிப்பை இந்தக் கோடையில்
வேறெங்கும் பார்க்கவில்லை.

விசாரணையில் என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.
"பயனுள்ள உபயோகம்" என்ற சொல்லைப்
பாங்போர்னின் வழக்கறிஞர் பதினொரு முறை சொன்னார்.
எனக்கு வேலை ஓடாதபோது எண்ணுவேன்.
"முட்செடி பயிரா?"
மைதே எழுந்துவிட்டாள்:
"ரெண்டு ஆடு வெச்சிருக்கேன். அதுங்க தின்னும்."
எல்லோரும் சிரித்தார்கள், பாங்போர்ன் உட்பட.
கடைசி வரிசையில் அடுத்த வழக்குக்காகக் காத்திருந்த
ஷோஷோனி வழக்கறிஞர் வெர்னெட்டா டெவினி
"மே பதினொன்றா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு
சிரிக்காமல்
தன் மஞ்சள் தாளில் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு அக்டோபரில்.
குதிரைமசால் அக்டோபரைக் கேள்விப்பட்டதில்லை.
மேற்கு வயல் முதலில் சாம்பலானது,
பிறகு வீட்டையொட்டிய துண்டு.

நேற்றிரவு இரண்டு மணிக்குப் பூட்டைப் பார்க்கப் போனேன்.
யாரோ புகார் சொன்னார்கள்; யாரென்று சொல்ல மாட்டேன்.
பூட்டு அப்படியே.
மதகின் அடியில் மட்டும்
ஒரு கூழாங்கல் சிக்கி
விரற்கடை இடைவெளி.
தானாக உருண்டு வந்திருக்கலாம்.
உருண்டைக் கல்தான்.
குனிந்து கையை வைத்தேன்.
பனிமலையிலிருந்து வரும் குளிர்,
அரை அங்குலம்கூட இருக்காது,
பாங்போர்னின் வாய்க்காலுக்குள்
போய்க்கொண்டிருந்தது.
கல்லை எடுக்க ஒரு நொடி போதும்.

டார்ச்சை அணைத்தேன்.
சத்தம் பெரிதாகியது.